கீமோ நாட்களின் கணக்கு: அடுத்த தவணைக்கு உடலைத் தயாராக வைத்திருப்பது எப்படி

புற்றுநோய் சிகிச்சை தொடங்கியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்ன சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?" என்பதுதான். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கைப்பேசிக்கு வந்து விழும் செய்திகள் என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். பெரும்பாலும் அது 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு', 'உடலில் உள்ள நஞ்சை வெளியேற்று' என்ற இரண்டையே சுற்றி வரும். சிகிச்சை தரும் மருத்துவரின் கவலை வேறு. கீமோ மருந்தின் அடுத்த தவணையைக் குறித்த நாளில், குறித்த அளவில் ஏற்றிக்கொள்ளும் நிலையில் நோயாளியின் உடல் இருக்கிறதா என்பதே அவர் ஒவ்வொரு முறையும் பார்ப்பது. எடை இறங்கினால், ரத்த அணுக்கள் மீளாவிட்டால், தொற்று வந்தால் தவணை தள்ளிப்போகும் அல்லது மருந்தின் அளவு குறையும். சில நேரங்களில் அந்தக் குறைப்பு உயிரைக் காக்கத் தேவையானது. மருத்துவர் குறைத்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முழுக் குணத்தை நோக்கித் தரும் சிகிச்சையில், தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் தவணைகள் நழுவுவது நல்லதல்ல. இந்தக் காலத்தில் ஆரோக்கியம் என்றால் அடுத்த தவணைக்குத் தயாராக இருக்கும் உடல். எதற்கு மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. கீமோவின் பக்கவிளைவுகளில் பல, நாள் கணக்குப்படிதான் வருகின்றன.

ஏன் ஏழாவது நாள், ஏன் இருபத்தொன்றாவது நாள்?

வழக்கமான கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, வாயிலிருந்து குடல்வரை உள்ள உட்சவ்வு, முடியின் வேர் ஆகியவையும் அப்படித்தான். அதனால்தான் ரத்த அணுக்கள் குறைவதும், வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும், முடி உதிர்வதும் சேர்ந்தே வருகின்றன.

கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, ரத்தத்துக்கு வந்தபின் ஒரு நாள்கூட முழுதாக இருப்பதில்லை. பிளேட்லெட் எனும் தட்டணு ஏழு முதல் பத்து நாள் இருக்கும். சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள் ஆயுள். மருந்து ஏறிய அன்றே வெள்ளையணுக்கள் சரியாததற்குக் காரணம், மஜ்ஜையில் ஏற்கெனவே முக்கால்வாசி முதிர்ந்து நிற்கும் அணுக்கள் இன்னும் சில நாட்களுக்கு ரத்தத்துக்கு வந்துகொண்டிருப்பதுதான். அந்த இருப்பு தீர்ந்ததும் எண்ணிக்கை விழும். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் அது அடிமட்டத்தைத் தொடுகிறது. மூன்றாவது வாரத்தில் மஜ்ஜை மறுபடி உற்பத்தியைத் தொடங்கி மீள்கிறது. பல கீமோ திட்டங்கள் 21 நாள் இடைவெளியில் வகுக்கப்பட்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரத்தசோகை மட்டும் அவசரப்படாது. தவணைக்குத் தவணை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

வாராந்திரக் கீமோவுக்கும் மாத்திரைக் கீமோவுக்கும் கணக்கு மாறும். "எனக்கு அணுக்கள் மிகக் குறையும் நாட்கள் எவை?" என்று முதல் தவணையின்போதே கேட்டு, காலண்டரில் குறித்துவிடுவது நல்லது.

முதல் ஐந்து நாள்: குமட்டல்

குமட்டல் இரண்டு அலையாக வரும். முதலாவது மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள். இரண்டாவது அதற்குப் பின் தொடங்கி ஐந்தாவது நாள்வரை நீடிக்கக் கூடியது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இது தெளிவாகத் தெரியும். இரண்டையும் இயக்கும் வேதிப்பாதைகள் வேறுவேறு என்பதால்தான் ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெதசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் என்று வெவ்வேறு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு, "இப்போது வாந்தி இல்லையே" என்று வீட்டுக்குப் போனதும் இரண்டாம், மூன்றாம் நாள் மாத்திரைகளை நிறுத்திவிடுவது. வந்த வாந்தியை அடக்குவதைவிட வராமல் தடுப்பது சுலபம். எழுதிக்கொடுத்த நாள்வரை, குமட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரப்படி எடுக்க வேண்டும். முதல் தவணையில் வாந்தி மோசமாகிவிட்டால், பிந்தைய தவணைகளில் மருத்துவமனையைப் பார்த்த மாத்திரத்தில் குமட்டும் நிலைகூட வரும். அதனால் முதல் தவணையிலேயே கட்டுக்குள் வைப்பது மிக முக்கியம்.

இந்த மருந்துகளுக்கும் பக்கவிளைவு உண்டு. ஆன்டான்செட்ரான் மலத்தை இறுக்கும், தலைவலியும் தரும். டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீராய்டு. தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரை அளவை ஏற்றும். வீட்டில் எடுக்கும் டோஸைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு நின்ற மறுநாளோ அதற்கடுத்த நாளோ திடீரென்று உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆவதுண்டு. நோய் முற்றிவிட்டதோ என்று பலர் கலங்குவது அந்த நாளில்தான். பெரும்பாலும் அது மருந்து இறங்கிய சோர்வு.

உணவில் சில நுணுக்கங்கள் பலன் தரும். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. குமட்டல் நாட்களில் அதுவே எளிதில் இறங்கும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளை. சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாமல், நடுவில் குடிக்கலாம். நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவை இந்த நாட்களில் ஊட்டாதீர்கள். குமட்டலோடு சேர்ந்து உண்ட உணவின்மேல் மூளை வெறுப்பை ஏற்றிவைத்துவிடும். மாதக்கணக்கில் அதைத் தொடவே பிடிக்காமல் போகலாம்.

இரண்டாவது வாரம்: வெப்பமானியைக் கையருகே வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே விழுந்தால் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிட முடியும். அதிலும் பெரிய சிக்கல், தொற்றின் வழக்கமான அடையாளங்கள் தெரியாமல் போவது. சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லையென்றால் சீழ் இருக்காது, வீக்கமும் சிவப்பும் மங்கலாகவே இருக்கும், நுரையீரல் தொற்றில் சளிகூட அதிகம் வராது. மிச்சமிருக்கும் ஒரே அறிகுறி பல நேரங்களில் காய்ச்சல் மட்டுமே.

எனவே டிஜிட்டல் வெப்பமானி ஒன்று படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏதாவது குடித்திருந்தால் கால் மணி நேரம் பொறுத்து, நாக்கின் கீழ் வைத்து அளக்க வேண்டும். மலவாய் வழியாக அளக்கக் கூடாது; அங்கே ஏற்படும் சிறு கீறலே கிருமிக்கு வாசலாகிவிடும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், என்பது எல்லைக்கோடு. அதைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும், சிகிச்சை தரும் மருத்துவமனையை அழைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். "காலைவரை பார்க்கலாம்" என்ற எண்ணம்தான் உயிரைப் பறிப்பது. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமே, "கீமோ நடந்துகொண்டிருக்கிறது, கடைசித் தவணை இந்தத் தேதி, இப்போது காய்ச்சல்" என்று இருக்கட்டும். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் காய்ச்சல் அல்ல இது.

அளப்பதற்கு முன்பே பாராசிட்டமால் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளே வளரும், எச்சரிக்கை மணி மட்டும் நின்றுவிடும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம். ஆகவே உடல் உதறும் குளிர்நடுக்கம், குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு ஆகியவை வெப்பமானி என்ன காட்டினாலும் காய்ச்சலுக்குச் சமம். மார்பிலோ கையிலோ மருந்தேற்றும் குழாய் பொருத்தியிருந்து, அதைக் கழுவிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால், அந்தக் குழாயில்தான் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

தடுக்கும் வழிகள் எளியவை. ஆனால் விடாமல் செய்ய வேண்டியவை. கை கழுவுவது எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்தும். இன்ஃப்ளூயன்சா ஊசி போன்ற, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகளைக் கீமோ தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது உகந்தது. உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் கூடாது. உடன் வாழ்பவர்கள் தங்கள் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது நோயாளிக்கும் காப்பு.

உணவைப் பொறுத்தவரை, முன்பெல்லாம் வெள்ளையணு குறைந்தவர்களுக்குப் பச்சைக் காய்கறி, பழம் எதுவுமே கூடாது என்று தடுப்பார்கள். ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் அந்தக் கடும் பத்தியம் தொற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. சாப்பிடும் அளவைக் குறைத்ததுதான் மிச்சம். இன்று வலியுறுத்தப்படுவது சுத்தம்: நன்கு கழுவிய பழம், கோழி இறைச்சியானால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைத்தல், பச்சை முட்டையும் காய்ச்சாத பாலும் முளைகட்டிய பச்சைப் பயறும் தவிர்த்தல், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல். சில மையங்கள் இன்னும் கடுமையான கட்டுப்பாடு சொல்லலாம், குறிப்பாக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில். அங்கே அவர்கள் சொல்வதே சட்டம்.

தட்டணுக்களும் இதே நாட்களில் குறையும். மென்மையான பல் துலக்கி, மின்சவரக்கத்தி, மூக்கை வேகமாகச் சிந்தாமல் இருப்பது ஆகியவை போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவை இருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது.

வாய்ப்புண்ணும் இந்த வாரத்து விருந்தாளிதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் சேர்த்து நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணை எரிக்கும். 5-ஃப்ளோரோயுராசில் மருந்தை ஊசியாக ஒரே மூச்சில் செலுத்தும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் புண் குறையும். குளிர்ச்சியில் ரத்த நாளங்கள் சுருங்கி, வாய்ச் சவ்வுக்கு மருந்து குறைவாகப் போவதே காரணம். ஆனால் அதோடு ஆக்ஸாலிபிளாட்டின் சேர்த்துத் தருபவர்களுக்கு இதே ஐஸ் ஆகாது. அந்த மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூச்சப்பட வைக்கும். குளிர்ந்த நீர் பட்டால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அடுத்த படுக்கைக்காரருக்குப் பலித்த யோசனை நமக்குத் தீங்காவது இப்படித்தான்.

மூன்றாவது வாரம்: சேமிப்பு

பசி திரும்பும் இந்த நாட்களில்தான் இழந்ததை ஈடுகட்ட முடியும். நோயாளிக்குத் தேவையான புரதம், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம். ஆற்றல், கிலோவுக்கு 25 முதல் 30 கிலோகலோரி. அறுபது கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம் புரதமும் 1,500 முதல் 1,800 கிலோகலோரியும் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், வேகவைத்த பருப்பு நூறு கிராமில் சுமார் 9 கிராம், சமைத்த கோழி நூறு கிராமில் 25 கிராமுக்கு மேல் என்று கூட்டிப் பார்த்தால், வழக்கமான சாப்பாட்டில் அந்த அளவு தானாக வராது என்பது புரியும். ஒவ்வொரு வேளையும் முதலில் புரதத்தைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைத் தொடுவது எளிய வழி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே எடை இயந்திரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். முயலாமலே ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது அறுபது கிலோவில் மூன்று கிலோ போனால், உணவியல் வல்லுநரைக் கேட்டுப் பெற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடை ஏமாற்றும். தசை கரைவது வெளியே தெரியாது. மறுபக்கம், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பலருக்கு எடை கூடவே செய்கிறது. அவர்களை "நிறையச் சாப்பிடு" என்று வற்புறுத்துவது உதவியாகாது.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் சாகும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக எரிக்கின்றன என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார், அது உண்மை. ஆனால் நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் ரத்தச் சர்க்கரையை விட்டுக்கொடுக்காது. தசைப் புரதத்தை உடைத்தாவது குளுக்கோஸ் செய்யும். ஆக, எடை குறைந்துகொண்டிருப்பவர் மாவுச்சத்தை அடியோடு விட்டால் கரைவது கட்டி அல்ல, தொடையும் தோளும். இனிப்புப் பானங்களை அளவோடு வைப்பது நல்ல பழக்கம். பட்டினி அப்படியல்ல.

அசதிக்கு ஓய்வுதான் மருந்து என்று தோன்றும். படுத்தே இருந்தால் தசை குறைந்து அசதி இன்னும் கூடுவதே நடக்கிறது. சிகிச்சை அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சிக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. வாரம் மூன்று நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் அரை மணி நேர நடை. வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. இது இலக்கு. பத்து நிமிடத்தில் தொடங்கலாம், மோசமான நாளில் ஐந்து நிமிடமும் கணக்குத்தான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எட்டு முதல் பதினைந்து முறை எழுந்து உட்காருவது எந்தக் கருவியும் வேண்டாத தசைப் பயிற்சி. காய்ச்சல், தலைச்சுற்றல், நெஞ்சுவலி இருக்கும் நாளில் வேண்டாம். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் முதுகை முறுக்குவது, கனம் தூக்குவது ஆகியவற்றுக்கு முன் மருத்துவரின் சம்மதம் தேவை.

மாத்திரைகளும் 'இயற்கை' மருந்துகளும்

கேப்சிடபின் மாத்திரையை, உணவு முடிந்த முப்பது நிமிடத்துக்குள் விழுங்க வேண்டும். அபிராடெரோன் மாத்திரையை வழக்கமாக வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். உணவோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுப்பது ஆபத்து. கேப்சிடபினில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியத் தொடங்கினால் உடனே சொல்லுங்கள். சில நாள் நிறுத்தி, அளவைச் சரிசெய்து தொடர முடியும். பொறுத்துக்கொண்டு எடுத்தால் தோல் உரிந்து மொத்தமாக நிறுத்த வேண்டி வரும். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் மருந்துகளில் விரல் நுனி மரத்துப்போவதும் அப்படியே. சட்டைப் பொத்தான் போட முடியாத நிலைவரை மறைத்தால் அது நிரந்தரமாகிவிடலாம். "மருந்தைக் குறைத்துவிடுவார்களோ" என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

'வைட்டமின்தானே' என்று எதையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஃபோலிக் அமிலம் ஒன்றே போதும். பெமெட்ரெக்செட் மருந்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கட்டாயம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நச்சு விளைவு கடுமையாகும். கேப்சிடபினோடு அதே ஃபோலிக் அமிலம் சேர்ந்தால் நச்சு விளைவு கூடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இமாடினிப், இரினோடீகான் போன்ற புற்றுநோய் மருந்துகளை ஈரல் வேகமாக அழிக்கச் செய்து பலனைக் குறைக்கும். கிரேப்ஃப்ரூட் பழம் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பச்சைத் தேயிலைச் சாறு போர்டிசோமிப் மருந்தோடு பிணைந்து அதை முடக்கக் கூடியது. உணவில் சேரும் அளவு மசாலாவைப் பற்றிய பேச்சல்ல இது. புட்டியிலும் கேப்சூலிலும் செறிவாக வருபவற்றைப் பற்றியது. அவற்றை மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். புட்டியையே எடுத்துப்போய்க் காட்டுவது சிறந்தது.

கதிர்வீச்சும் இம்யூனோதெரபியும் வேறு கணக்கு

கதிர்வீச்சின் விளைவு, கதிர் படும் இடத்தில்தான் முக்கியமாக இருக்கும். வாரம் செல்லச் செல்லக் கூடி, சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரம்வரை உச்சத்தில் நிற்கும். "முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் மோசமாகிறது?" என்று பயப்பட வேண்டாம். அந்த இடத்தோலை வெதுவெதுப்பான நீரிலும் மென்சோப்பிலும் கழுவி ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம், ஐஸ், பிளேடு சவரம், இறுக்கமான உடை கூடாது. கதிர் பாய்ச்ச வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் குறியிட்ட கோடுகளைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் வைக்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும்; கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் உடலில் கதிரியக்கம் தங்காது. குழந்தைகளைத் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம்.

இம்யூனோதெரபி எதிர்ப்புச் சக்தியின் தடைகளை அவிழ்த்துவிடும் சிகிச்சை. அங்கே வரும் வயிற்றுப்போக்குக்குக் காரணம், சொந்த அணுக்களே குடலைத் தாக்குவதாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரை அதை மறைக்குமே தவிர ஆற்றாது. பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும். வறட்டு இருமல், மூச்சுத்திணறல், தோல் தடிப்பு, காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவையும் இதே வழியில் வரலாம். சிகிச்சை நின்று பல மாதங்களுக்குப் பின்னும் வரும். எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் இம்யூனோதெரபி எடுத்தவர்" என்று முதலிலேயே சொல்ல வேண்டியது அதனால்தான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கீமோ ஏறிய 48 மணி நேரம்வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். அவற்றைத் துடைப்பவர்கள் கையுறை அணிந்து, பிறகு கை கழுவ வேண்டும். கழிப்பறை மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு எடுப்பவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிப்பது சிறுநீர்ப்பையைக் காக்கும். சிகிச்சைக் காலத்திலும், முடிந்தபின் மருத்துவர் சொல்லும் காலம்வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். பின்னால் குழந்தை வேண்டும் என்றால் கருமுட்டை, விந்தணு சேமிப்பைப் பற்றி முதல் தவணைக்கு முன்பே பேச வேண்டும். பிறகு வாய்ப்பு நழுவிவிடும்.

மருத்துவமனையின் இரவு நேர எண்ணை எல்லோர் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். காய்ச்சலைத் தவிர, விடிவதற்குக் காத்திருக்காமல் அந்த எண்ணை அழைக்க வேண்டியவை: பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தக்கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது அல்லது திடீர் மூச்சுத்திணறல் (புற்றுநோயிலும் அதன் சிகிச்சையிலும் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து கூடுகிறது), வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடுதலாக மலம் போவது, குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்காத வாந்தி. புதிதாக வந்த கடும் முதுகுவலியோடு கால் பலவீனமோ சிறுநீர் அடைப்போ சேர்ந்தாலும் உடனே அழைக்க வேண்டும். அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், சில மணி நேரத் தாமதமே நடக்கும் திறனைப் பறித்துவிடும்.